‘நான்கில் மூன்று’ என்றால் எதை மேலே எழுதுவது? கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கணிதப் பாடநூல் குழுவினர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்;
தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம்;
அரசுத் தேர்வுகள் இயக்ககம், சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும், வட்டார வள மையங்களிலிருந்து பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்பாசிரியர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. நாங்கள் கேட்பது ஒன்றுதான். பார்வை தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, விரல் வளையாத பிள்ளை, எண்ணைக் கண்டாலே திணறும் பிள்ளை ஆகியோருக்கான ஏற்பாடு, பாடம் எழுதப்படும் மேசையிலேயே தொடங்க வேண்டும். இப்போது புத்தகம் அச்சாகி வகுப்புக்கு வந்த பிறகுதான் அந்த வேலை தொடங்குகிறது. அதைச் செய்ய வேண்டிய சிறப்பாசிரியர் பல பள்ளிகளைப் பார்ப்பவர். அவர் வராத நாள்களில் அந்தப் பிள்ளை கணக்கு நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்கால்குலியா எனப்படும் கணக்கு சார்ந்த கற்றல் குறைபாடும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்ய வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. உலகின் பல ஆய்வுகள் டிஸ்கால்குலியா உள்ள பிள்ளைகளை 100க்கு 3 முதல் 7 பேர் என்று கணக்கிடுகின்றன. அப்படியானால் 40 பேர் உட்காரும் வகுப்பில் குறைந்தது ஒருவராவது இருப்பார். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி எழுதியவர்கள் நீங்கள். ஒரே பாடத்தைப் பல வழிகளில் எழுத முடியும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிரிப்பு, பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைப் பார்த்துச் செய்தது. பாடம் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்கிறோம்.

முதலில் மொழியைப் பற்றி. கணக்கில் பின்தங்கும் பிள்ளைகளின் தவறுகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், பல தவறுகள் கணக்கில் பிறக்கவில்லை என்பதும், நாம் கணக்கைச் சொல்லும் தமிழில் பிறந்தவை என்பதும் தெரியும்.

பின்னத்தை எடுத்துக்கொள்வோம். ¾ என்பதை ‘நான்கில் மூன்று’ என்று வாசிக்கிறோம். காதில் முதலில் விழுவது நான்கு. எழுத்தில் முதலில், அதாவது மேலே வருவது மூன்று. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 4ஐ மேலே போட்டு 3ஐக் கீழே போடுகிறது. அதே எண்ணைத் தெருவில் ‘முக்கால்’ என்கிறோம், வகுப்பில் அவசரத்துக்கு ‘மூணு பை நாலு’ என்கிறோம். ஒரே குறியீட்டுக்கு மூன்று பெயர். அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன. இதோடு தொகுதி, பகுதி என்ற சொற்கள் சேர்கின்றன. இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால், கடைசி வரிசையில் காது சரியாகக் கேளாத பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது. இன்னும் பெரிய சிக்கல், ‘பகுதி’ என்ற சொல்லுக்கு வீட்டில் வேறு பொருள் இருக்கிறது. ‘நிழலிட்ட பகுதியை எண்ணு’ என்று பாடம் சொல்கிறது. பிள்ளை எண்ணுகிறது, 3 வருகிறது. பகுதி என்று சொன்னார்களே என்று அதைக் கீழே எழுதுகிறது. மொழியை நம்பி நடந்ததற்குத்தான் அந்தப் பிள்ளைக்குச் சிவப்பு மைப் பெருக்கல் குறி விழுகிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பின்ன அதிகாரம் முழுவதிலும் நிழலிட்டதை ‘நிழலிட்ட துண்டுகள்’ என்று எழுதுங்கள். ‘பகுதி’ என்ற சொல்லைக் கீழ் எண்ணுக்கு மட்டும் ஒதுக்குங்கள். முதல் சில பக்கங்களில் கீழ் எண், மேல் எண் என்றே சொல்லிவிட்டுப் பிறகு கலைச்சொல்லுக்குப் போகலாம். எழுதும் வரிசையையும் வாசிக்கும் வரிசையோடு பொருத்திக் கற்பியுங்கள். ‘நான்கில்’ என்று கேட்டதும் கோடு போட்டுக் கீழே 4 எழுத வேண்டும். ‘மூன்று’ என்றதும் மேலே 3. கீழிருந்து மேலே எழுதுவது புதிதாகத் தோன்றலாம். முழுதை எத்தனையாகப் பிரித்தோம் என்பதை முதலில் முடிவு செய்து, அதில் எத்தனையை எடுத்தோம் என்று பிறகு சொல்வதுதான் பின்னத்தின் பொருளும். தமிழின் வரிசை பொருளோடு ஒத்துத்தான் போகிறது. கையை அந்த வரிசைக்குப் பழக்காமல் விட்டதுதான் குறை.

எண்ணுப் பெயர்களிலும் இப்படி ஓர் இடம் உண்டு. இருபத்தொன்று, முப்பத்திரண்டு என்று பத்தை முதலில் சொல்லி ஒன்றைப் பின்னால் சொல்லும் தமிழ் முறை இடமதிப்புக்கு நல்ல துணை. ஆனால் 90க்கு வந்ததும் ‘தொண்ணூறு’ என்று நூறு உள்ளே நுழைகிறது. 900க்கு ‘தொள்ளாயிரம்’ என்று ஆயிரம் நுழைகிறது. ‘தொண்ணூற்று மூன்று’ என்று கேட்ட பிள்ளை 903 என்றோ 1003 என்றோ எழுதுவதன் காரணம் இதுதான். ஐம்பது, எழுபது, எண்பது மூன்றும் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆகவே 90ஐயும் 900ஐயும் அறிமுகப்படுத்தும் பக்கங்களில் எண் அட்டையும் குச்சிக் கட்டும் சொல்லோடு சேர்ந்தே வர வேண்டும். எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சிகளில் ஆசிரியர் எண் அட்டையையும் உயர்த்திக் காட்டலாம் என்று ஆசிரியர் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால், பல பிள்ளைகளுக்கு அது போதும். (உ என்ற எழுத்தையும் 2 என்ற எண்ணையும் ஒரே பருவத்தில் பழகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டையும் குழப்புவதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். இரண்டையும் ஒரே வாரத்தில் வைக்காமல் இருந்தாலே பாதி சரியாகும்.)

அடுத்தது வாக்கியக் கணக்கு. ‘12ஐ 3ஆல் வகு’ என்பதில் எதை எதனால் வகுப்பது என்று சொல்பவை ஐ, ஆல் என்ற இரண்டு சிறு உருபுகள். சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்ட பிள்ளைக்கும், மொழியைப் புரிந்துகொள்வதில் தடை உள்ள பிள்ளைக்கும் முதலில் நழுவுபவை இந்த உருபுகள்தான். ‘3ஐ 8லிருந்து கழிக்க’ என்று எழுதினால் அவர்கள் 3 − 8 என்று எழுதுவார்கள். ‘8லிருந்து 3ஐக் கழி’ என்றால் எண்கள் வரும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகிவிடும். தொடக்க வகுப்புகளில் இந்த ஒரு வரிசையையே கடைப்பிடியுங்கள். உருபுகளை மாற்றிப் போட்டுச் சோதிப்பதை மேல்வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் புத்தகத் தமிழுக்கு ‘எனில்’ மீது தனிப் பிரியம் உண்டு. ‘மாலாவிடம் இருந்த 24 மாம்பழங்களில் தம்பிக்குக் கொடுத்தது போக மீதமுள்ளவை 15 எனில், தம்பிக்குக் கொடுக்கப்பட்ட மாம்பழங்களின் எண்ணிக்கை யாது?’ இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாலாவிடம் 24 மாம்பழம் இருந்தது. தம்பிக்குக் கொஞ்சம் கொடுத்தாள். இப்போது அவளிடம் 15 இருக்கிறது. தம்பிக்கு எத்தனை கொடுத்தாள்?’ எண் மாறவில்லை, கணக்கின் கடினமும் மாறவில்லை. 24க்கும் 15க்கும் நடுவே என்ன நடந்தது என்பதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். எடுத்துப் போட்டது மொழிப் பாரத்தை மட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, நடந்த வரிசையில் வாக்கியங்கள், கடைசியில் ஒரே கேள்வி என்ற மூன்றும் போதும்.

‘மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி’ என்று சாவிச்சொல் சொல்லித்தரும் பழக்கத்தைப் புத்தகமோ பயிற்சித்தாளோ ஊக்குவிக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறோம். ‘மொத்தம் 24 பந்துகள், அதில் 9 சிவப்பு, மற்றவை எத்தனை?’ என்ற கேள்வியில் அந்தச் சாவி 33 என்று திறக்கும். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குத்தான் இந்தக் குறுக்குவழி அதிகம் கொடுக்கப்படுகிறது. அதிகம் ஏமாறுவதும் அந்தப் பிள்ளைதான்.

குச்சிக்கு வருவோம். பொருள், பிறகு படம், பிறகு எண் என்ற வரிசை எல்லாப் பயிற்சியிலும் சொல்லப்படுவதுதான். நடைமுறையில் பொருளுக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள படி தாண்டிப் போகிறது. 42 − 17ஐப் பாருங்கள். பிள்ளை எழுதும் வழக்கமான விடை 35. 2லிருந்து 7 போகாது என்பதால் 7லிருந்து 2ஐக் கழித்து 5. 4லிருந்து 1 போக 3. இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். 42 என்பது ஒரே எண் என்பது தெரியாது. 4 தனி, 2 தனி. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லித்தந்தால் விடை சரியாகலாம், புரிதல் வராது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டாமா என்று கேட்கும் பிள்ளைக்கு, குறிப்பாகச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, நம்மிடம் பதில் கிடையாது.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தொகுப்பு என்று 100 குச்சியும் 10 ரப்பர் வளையமும் கொடுக்க வேண்டும். ஐஸ் குச்சி நல்லது. ஈர்க்குச்சி குத்தும், தீக்குச்சியைத் தசை இறுக்கம் உள்ள விரல் பிடிக்காது. 42ஐ 4 கட்டு, 2 உதிரி என்று வைக்கட்டும். 7 உதிரி எடுக்க வேண்டும், இருப்பது 2. இங்கே ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்க வேண்டும். அதுதான் பாடம். நேரம் மிச்சமாகட்டும் என்று ஆசிரியர் கட்டை வாங்கிக்கொண்டு தன் பெட்டியிலிருந்து 10 உதிரிக் குச்சி கொடுத்தால், பிள்ளை காண்பது பண்டமாற்று. போன கட்டும் வந்த 10 குச்சியும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரியாது. அவிழ்த்த பின் 3 கட்டு, 12 உதிரி; அதிலிருந்து 7 உதிரியும் 1 கட்டும் எடுத்தால் 2 கட்டு, 5 உதிரி. 25.

படத்தில் கட்டுக்கு ஒரு நெடுங்கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அவிழ்த்ததைக் காட்ட நெடுங்கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்க வேண்டும். இந்தக் குறியை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மாற்றாதீர்கள். ஒரு வகுப்பில் கட்டு, அடுத்த வகுப்பில் சதுரப் பலகை, அதற்கடுத்து மணிச்சட்டம் என்று படம் மாறினால், ஒவ்வொரு முறையும் பிள்ளை புது மொழி கற்க வேண்டியிருக்கிறது. மணிச்சட்டத்தைக் குச்சிக்கு முன் வைக்கவும் கூடாது. பத்துகள் கம்பியில் உள்ள ஒரு மணியும் ஒன்றுகள் கம்பியில் உள்ள ஒரு மணியும் பார்க்க ஒரே அளவு. இடத்தால்தான் மதிப்பு மாறுகிறது. அது குச்சியைவிட ஒரு படி நுண்மையானது. பார்வையற்ற பிள்ளைக்குக் கொடுக்கும் மணிச்சட்டத்தில் மணிகளுக்குப் பின்னால் பஞ்சு அல்லது கம்பளித் துணி இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணச் சட்டத்தில் விரல் பட்டதும் மணி உருண்டுவிடும், படிக்கப் போன விரலே விடையை மாற்றிவிடும்.

அச்சுப் பக்கம் பற்றிச் சில. ஒரு கணக்கின் படிகள் பக்கம் திரும்பக் கூடாது. நினைவில் தாங்கும் திறன் குறைந்த பிள்ளை, பக்கத்தைத் திருப்பும்போது முந்தைய படியை இழந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பிக் கேள்வி கேட்காதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் வகுப்புக்கு வரும், கறுப்புவெள்ளையில் ஒளிநகல் எடுத்தால் எல்லாருக்குமே இரண்டும் சாம்பல்தான். சாய்கோடு, புள்ளி, வெற்றிடம் என்று நிரப்பினால் போதும். செங்குத்துக் கூட்டலுக்கும் நீள்வகுத்தலுக்கும் 1 செ.மீ. கட்டம் போட்ட பக்கம் வேண்டும். எண்கள் வரிசையை விட்டு நகர்ந்து விடை தவறுவதைக் கணக்குத் தெரியாததாக எண்ணிவிடுகிறோம்.

குறைபார்வை உள்ள பிள்ளைக்குப் பக்கத்தைப் பெரிதாக்கித் தருவது பள்ளிகளில் எல்லாரும் செய்யும் நல்ல காரியம். ஏ4 தாளை ஏ3 ஆக்கினால் எல்லாம் 1.41 மடங்கு ஆகும். 12 புள்ளி அளவு (பாயின்ட்) எழுத்து 17 புள்ளியாகும். வேண்டிய குறைந்த அளவான 18ஐக்கூட அது தொடவில்லை. அதே நேரம், ‘இக்கோட்டை அளந்து எழுதுக’ என்ற கேள்வியில் 5 செ.மீ. கோடு ஏறக்குறைய 7 செ.மீ. ஆகியிருக்கும். பிள்ளை சரியாக அளந்து 7 என்று எழுதும், விடைக்குறிப்பு 5 என்று சொல்லும். கோணம் மாறாது, நீளம் மாறும். ஆகவே அளக்கும் கணக்குகள் உள்ள பக்கங்களைப் பெரிய எழுத்தில் தனியாக, நீளம் மாறாமல் அமைத்து நீங்களே தர வேண்டும். வழவழப்பான தாளும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் பக்கம் கண்ணாடியாகிவிடும்.

இனி பார்வையற்ற பிள்ளை. கரும்பலகையைக் காட்டி ‘இதையும் இதையும் கூட்டி இங்கே போடு’ என்று சொல்லும் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது எதுவுமில்லை. ‘24ஐயும் 15ஐயும் கூட்டி, ஒன்றுகள் இடத்தில் 9 எழுது’ என்று சொன்னால் பாடம் முழுதாகச் சேரும். வாயால் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ‘இரண்டு கூட்டல் மூன்றின் வர்க்கம்’ என்று சொன்னால் அது 2 + 3² ஆகவும் இருக்கலாம், (2 + 3)² ஆகவும் இருக்கலாம். முதலாவதன் விடை 11, இரண்டாவதன் விடை 25. கண்ணால் பார்ப்பவருக்கு அடைப்புக்குறி தெரியும். காதால் கேட்பவருக்கு நாம் சொன்னால்தான் உண்டு. ‘அடைப்பு தொடக்கம், இரண்டு கூட்டல் மூன்று, அடைப்பு முடிவு, அதன் வர்க்கம்’ என்று சொல்ல வேண்டும். பின்னத்துக்கு ‘பின்னம் தொடக்கம், கீழே நான்கு, மேலே மூன்று, பின்னம் முடிவு’. மூலக்குறிக்கும் அடுக்குக்கும் இப்படியே தொடக்கமும் முடிவும்.

இந்த மடலில் உள்ள வேண்டுகோள்களில் ஒன்றை மட்டும்தான் ஏற்பீர்கள் என்றால் இதை ஏற்கக் கேட்போம்: கணக்கை வாயால் சொல்லும் முறைக்கு நான்கு பக்கச் சொல்முறைத் தாள் ஒன்றை வெளியிடுங்கள். வகுப்பில் ஆசிரியர், தேர்வில் மாணவர் சொல்வதை எழுதுபவர், புத்தகத்தைப் பிரெயிலாக்குபவர், ஒலிப்பாடம் பதிபவர், கணினித் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பு மென்பொருளுக்குத் தமிழ் விதி எழுதுபவர் என ஐந்து பேருக்கும் அந்த ஒரே தாள் உதவும். இப்போது ஐவரும் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். அந்த ஐந்தையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது.

பிடிஎஃப் புத்தகங்களில் சமன்பாடுகளைப் படமாக ஒட்டுவதை நிறுத்துங்கள். திரைவாசிப்பான் படத்தைத் தாண்டிப் போய்விடும். எழுத்தாக இருந்தாலும் மேலெழுத்து என்ற தகவல் தொலைந்தால் 10³ என்பதை 103 என்று வாசிக்கும். ¾ஐ ‘மூன்று நான்கு’ என்று வாசிக்கும். ஒருங்குறித் தமிழில் தட்டச்சு செய்து, சமன்பாடுகளை மென்பொருள் வாசிக்கக்கூடிய மேத்எம்எல் (MathML) வடிவில் வைத்து, ஈபப் (EPUB) மின்னூல் கோப்பாகவும் வெளியிட்டால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) போன்ற திரைவாசிப்பு மென்பொருள்களைக் கொண்டு பிள்ளை தானே படிக்க வழி பிறக்கும். அச்சுக்கூடத்துக்குப் போகும் மூலக் கோப்பிலேயே இதைச் செய்துவிட்டால் பின்னால் யாரும் மறுபடி தட்ட வேண்டாம்.

பிரெயிலில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பொது பிரெயிலில் எண் குறிக்குப் பின், ஆறு புள்ளிக் கட்டத்தின் 1ஆம் புள்ளி மட்டும் வந்தால் அது 1. கணிதத்துக்கென ஆபிரகாம் நெமத் வகுத்த குறிமுறையில் எண்கள் ஒரு படி கீழே இறங்கும். 1 என்பது 2ஆம் புள்ளி. பொது பிரெயிலில் அதே 2ஆம் புள்ளி காற்புள்ளி. கீழ்வகுப்பு முழுக்க ஒன்றைப் படித்துவிட்டு மேல்வகுப்பில் மற்றொன்றைத் தொடும் பிள்ளைக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி தட்டுப்படும். எந்தக் குறிமுறை என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே தீர்மானித்து, பத்தாம் வகுப்பு வரை அதையே கொண்டுபோக வேண்டும்.

பிரெயில் பலகையிலும் ஊசியிலும் செங்குத்துக் கணக்குப் போட முடியாது. வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைக் கழற்றித் திருப்பினால்தான் குத்தியதைப் படிக்க முடியும். கூட்டிக்கொண்டே போகும்போது மேல் வரியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. அதற்குத்தான் டெய்லர் சட்டம் என்ற துளைப்பலகை. எண்கோண வடிவத் துளைகள். அவற்றில் செருகும் சிறு அச்சுக்கட்டையின் ஒரு முனையில் ஒரு மேட்டுக்கோடு, மறுமுனையில் இரு புள்ளிகள். ஒவ்வொரு முனையையும் எட்டுத் திசைகளில் வைக்கலாம், ஆக 16 குறிகள். எண்களும் செயல்குறிகளும் அதிலேயே அடங்கும். அடிக்கடி தவறுவது இரண்டு இடங்களில். சட்டத்தைப் பிள்ளை சாய்த்து வைத்துக்கொண்டால் எல்லாத் திசையும் மாறி ஒரு எண் இன்னொரு எண்ணாகிவிடும். ஆகவே சட்டத்தின் ஒரு மூலையை அடையாளம் செய்து, மேசை விளிம்போடு ஒட்டி வைக்கப் பழக்க வேண்டும். இரண்டாவது, விடை வந்ததும் கட்டைகளைக் கொட்டிவிட்டால் செய்த படிகளுக்குச் சாட்சி இல்லை. படிநிலை மதிப்பெண் தரும் தேர்வில் இது பெரிய இழப்பு. ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லி எழுதவைத்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும், அதற்கு நேரமும் வேண்டும்.

தொட்டறியும் படங்களைப் பள்ளியிலேயே செய்யலாம். தையற்கடையில் துணியில் குறி போடும் பற்சக்கரம், அடியில் ஒரு ரப்பர் விரிப்பு, தடித்த தாள் இவை போதும். சக்கரம் ஓட்டிய பக்கத்தின் மறுபுறத்தில்தான் மேடு எழும். எனவே படத்தை முதலில் இடவலம் மாற்றி வரைந்துகொள்ள வேண்டும். இதை மறந்தால் (3, 2) என்ற புள்ளி (−3, 2)இல் போய் நிற்கும், முதல் கால்பகுதி இரண்டாவதாகிவிடும், பிள்ளை தவறான படத்தைச் சரியாகக் கற்கும். இரு கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளிக்குக் குறைந்தால் விரலுக்கு இரண்டும் ஒன்று. வளைகோடு எல்லாவற்றிலும் தடிமனாகவும், அச்சுக்கோடுகள் அடுத்ததாகவும், கட்டக்கோடுகள் மிக மெல்லியதாகவும் இருக்க வேண்டும். முப்பரிமாணப் படத்தைத் தொட்டறியும் படமாக்க முயலவே வேண்டாம். கனசதுரத்தைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழிக் காணொளி தேவை. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டிருக்கிறது. பாடநூல்களைச் சைகை மொழியாக்க 2020இல் தேசிய அளவில் ஒப்பந்தமும் ஆனது. நம் புத்தகத்தின் ஒவ்வொரு அதிகாரத் தொடக்கத்திலும் உள்ள கியூஆர் குறியீட்டில், அந்த அதிகாரத்தின் கலைச்சொற்களுக்கு மட்டுமாவது சைகைக் காணொளி வையுங்கள். எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சைகை செய்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் படம் வரைந்தால், பிள்ளை எதைப் பார்ப்பது? கேட்கும் பிள்ளை காதால் கேட்டுக் கண்ணால் பார்க்கும். இவர்களுக்கு இரண்டு வேலைக்கும் ஒரே கண். வரையும்போது கை நிற்க வேண்டும், வரைந்து முடித்ததும் கை தொடர வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் ஆசிரியருக்கும் இதேதான் விதி.

பணம் பற்றிய பாடத்துக்கு ஒரு சின்ன யோசனை. 100 ரூபாய்த் தாள் 142 மி.மீ. நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் 66. தொட்டு வேறுபாடு காண 4 மி.மீ.தான் கிடைக்கிறது. அட்டையொன்றில் இந்த அளவுகளில் வெட்டுக்குறி போட்டு, தாளை வைத்து அளந்து கண்டுபிடிக்கும் செயல்பாட்டை நீளம் அளத்தல் அதிகாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கலாம். பார்க்கும் பிள்ளைக்கு அது மில்லிமீட்டர் பாடம். பார்க்காத பிள்ளைக்கு நாளைக்குக் கடையில் ஏமாறாமல் இருக்கும் வழி.

தேர்வுகள் இயக்ககத்திடம் இரண்டு சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசிப் பிரிவின் இரு கேள்விகள், செய்முறை வடிவியலும் வரைபடமும், ஆளுக்கு 8 என 16 மதிப்பெண். பார்க்க முடியாத, அல்லது கவராயத்தைப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு இந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்ணைப் பகிர்ந்துவிடுவது எளிது. அதைச் செய்தால், வகுப்பிலும் அந்தப் பாடத்தை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தரமாட்டார்கள். அதே கருத்தைச் சோதிக்கும் மாற்றுக் கேள்வி வேண்டும். தொடுகோடு வரையும் கேள்விக்குப் பதிலாக, வரையும் படிகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு படியும் ஏன் என்று கேளுங்கள். தொடுகோட்டின் நீளத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். வரைபடத்துக்குப் பதிலாக அட்டவணையைக் கொடுத்து, நேர் மாறலா எதிர் மாறலா என்று நிறுவச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சொல்வதை எழுதுபவர். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொன்னது. 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். எழுதுபவருக்கு மூலக்குறியும் அடுக்கும் எழுதத் தெரியாவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் விளக்கம் சொல்வதிலேயே போய்விடும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாவது மாணவரும் எழுதுபவரும் சேர்ந்து, மேலே சொன்ன சொல்முறைத் தாளை வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க ஏற்பாடு வேண்டும். கை நடுக்கம் போன்ற தடை உள்ளவருக்கு 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்று இல்லையென்று எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது என்பதையும் தேர்வு மையங்களுக்கான அறிவுரையில் ஒரு வரியாகச் சேருங்கள். பல மையங்களில் இது போய்ச் சேரவே இல்லை.

எல்லாப் புத்தகத்தையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. தொடக்க வகுப்பின் பின்ன அதிகாரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி திருத்தி எழுதி, அச்சுக்குப் போகுமுன் நான்கு விதப் பிரதிகள் எடுங்கள்: பெரிய எழுத்து, பிரெயில், திரைவாசிப்பான் கோப்பு, சைகைக் காணொளி. ஒவ்வொன்றையும் அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரியில் விரல் நிற்கிறது, எந்தக் கேள்வியில் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வயதுவந்த பார்வையற்ற கணிதப் பட்டதாரி ஒருவரும் காது கேளாத ஆசிரியர் ஒருவரும் பாடநூல் குழுவிலேயே இருக்க வேண்டும். சரிபார்க்க அழைக்கப்படுபவராக மட்டும் இருந்தால், அவர் சொல்வது அச்சுக் காலக்கெடுவோடு மோதும்போது அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

சொல்முறைத் தாளின் முதல் வரைவையும், குச்சிக் கட்டுக்கான படக்குறிகளையும், 42 − 17 போன்ற 30 கணக்குகளில் பிள்ளைகள் செய்யும் தவறுகளையும் அவற்றின் காரணங்களையும் நாங்கள் எழுதித் தருகிறோம். எந்த அலுவலகத்துக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்களும் சிறப்பாசிரியர்களும்